மூலப்பத்திரம் எங்கே? மார்மன் மதத்தின் தொடக்கத்தை வரலாறு எப்படி விசாரிக்கிறது

அமெரிக்காவில் 1830ல் தொடங்கிய மார்மன் சபையைச் சேர்ந்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டே குரல்கள்தான் கேட்கும். "அதெல்லாம் சுத்தப் பித்தலாட்டம், எப்பவோ நிரூபிச்சாச்சு" என்பது ஒன்று. "அவங்க மேல சொல்ற குத்தமெல்லாம் ஆகாதவங்க கட்டிவிட்ட கதை" என்பது இன்னொன்று. சொல்பவரிடம் எது நிரூபிக்கப்பட்டது, எதை வைத்து என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு உடனே பலதார மணத்துக்குத் தாவிவிடும். பலதார மணம் தனிக்கதை. அந்தச் சபை 1890ல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. இந்த மதம் எப்படித் தோன்றியது என்ற கேள்விக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். முன்பின் எதுவும் தெரியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்த மதம் சொல்வதுபோல ஒரு தேவதூதன் வந்தானா இல்லையா என்று வரலாற்றாசிரியரால் சொல்ல முடியாது. அதை அளக்க அவரிடம் கருவி கிடையாது. ஆனால் இந்தத் தாளில் எழுதியிருப்பது என்ன, இந்தப் பொருள் அந்தக் காலத்தில் அந்த ஊரில் இருந்ததா, இந்தச் சம்பவத்தை இவர் முதன்முறை எப்படிச் சொன்னார் என்பதற்கெல்லாம் பதில் தேட முடியும். சண்டை போடுபவர்கள் இந்த இரண்டு வகைக் கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

வக்கீல் கேட்கும் கேள்விகள்

வீட்டுமனை ஒன்று வாங்கப் போகிறீர்கள். விற்பவர் தங்கமான மனிதர், ஊரே சொல்கிறது. இருந்தாலும் வக்கீல் முதலில் கேட்பது மூலப்பத்திரத்தைத்தான். "தொலைஞ்சு போச்சு சார், நகல்தான் இருக்கு" என்றால் அவர் முகம் மாறும். மூலப்பத்திரம் இல்லை என்பதாலேயே நிலம் அவருடையது இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் வேலை கூடிவிடும். வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்து மனைக்காரர் பத்திரத்தில் எல்லை எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கையிலிருக்கும் நகலை வரிவரியாகப் படிக்க வேண்டும். 1955ல் எழுதியது என்று சொல்லப்படும் பத்திரத்தின் முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அங்கேயே கதை முடிந்தது. பின்கோடு வந்ததே 1972ல்.

வரலாற்றாசிரியரின் வேலையும் கிட்டத்தட்ட இதுதான். சம்பவம் நடந்த காலத்திலேயே, சம்பந்தப்பட்டவர்களிடமிருந்தே வந்த எழுத்தையோ பொருளையோ மூல ஆவணம் என்பார்கள். ஒரு காலத்துக் கதைக்குள் அந்தக் காலத்தில் இருக்கவே முடியாத ஒன்று தலைகாட்டினால் அது காலவழு. நம் பின்கோடு ஒரு காலவழு. இந்த இரண்டு சொற்களும் கையில் இருந்தால் மிச்சத்தைப் பார்த்துவிடலாம்.

அவர்கள் சொல்லும் கதை

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1805ல் பிறந்தவர் ஜோசப் ஸ்மித். ஏழை விவசாயக் குடும்பம், பெரிய படிப்பு கிடையாது. நியூயார்க் மாநிலத்தின் பால்மைரா ஊர்ப்பக்கம் வளர்ந்தார். 1823 செப்டம்பரில், பதினேழு வயதில், மொரோனி என்ற தேவதூதன் தோன்றி, பக்கத்துக் குன்றில் தங்கத் தகடுகள் புதைந்திருப்பதாகச் சொன்னான் என்றார். 1827ல் அவை கைக்கு வந்தன என்றார். 'திருத்திய எகிப்திய' எழுத்தில் இருந்த அவற்றைக் கடவுளின் வல்லமையால் மொழிபெயர்த்ததாகச் சொன்னார். அந்தப் புத்தகம்தான் 1830 மார்ச்சில் பால்மைராவில் 5,000 பிரதிகள் அச்சான மார்மன் புத்தகம். அச்சுச் செலவுக்காக மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி தன் பண்ணையை 3,000 டாலருக்கு அடமானம் வைத்தார். அடுத்த மாதமே, ஏப்ரல் 6ஆம் தேதி, சபை தொடங்கியது.

கி.மு. 600 வாக்கில் எருசலேமிலிருந்து ஒரு குடும்பம் கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்துக்கு வந்து, இரண்டு இனங்களாகப் பெருகி, போரிட்டு, ஒன்று அழிந்துபோன கதை அது. உயிர்த்தெழுந்த இயேசு அங்கே வந்து போதித்தார் என்பது அதன் உச்சம்.

இன்று பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற பெயரில் 1.7 கோடி உறுப்பினர்களோடு இருக்கும் அமைப்பு இந்தத் தொடக்கத்திலிருந்து வந்தது. (நம்மூருக்கு இது புதிதல்ல. 1853லேயே ரிச்சர்ட் பாலன்டைன் என்ற அவர்களுடைய மிஷனரி மதராசில் வந்து இறங்கிப் பிரசங்கம் செய்திருக்கிறார். பெரிதாக யாரும் சேரவில்லை.)

பத்திரமே இல்லாத வழக்கு

தங்கத் தகடுகள் இப்போது எங்கே? தேவதூதன் திரும்ப வாங்கிக்கொண்டான் என்பது பதில். பதினொரு பேர் பார்த்ததாகக் கையெழுத்திட்ட சாட்சியம் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது. அவர்களில் முக்கியமான மூவரும் பிற்பாடு ஸ்மித்தோடு முறித்துக்கொண்டு வெளியேறினார்கள். ஆனாலும் தகட்டைப் பார்த்ததை மறுக்கவில்லை என்று நம்புகிறவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான், அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. அதே சமயம், பார்த்தேன் என்ற சாட்சியம் அந்தத் தகட்டில் என்ன எழுதியிருந்தது என்பதற்குச் சாட்சியம் ஆகாது. வாசிக்கத் தெரிந்தவர் அவர்களில் யாரும் இல்லை.

மொழிபெயர்த்த விதத்தைப் பற்றிச் சபைக்காரர்களில் பலருக்கே வெகுகாலம் சரியாகத் தெரியாது. ஸ்மித் தகட்டின் மேல் விரல் வைத்துப் படிப்பதுபோலத்தான் சபையின் ஓவியங்கள் காட்டிவந்தன. உடன் இருந்தவர்கள் விட்டுச் சென்ற குறிப்புகள் வேறு மாதிரி சொல்கின்றன. தொப்பிக்குள் ஒரு கல்லைப் போட்டு, வெளிச்சம் புகாதபடி முகத்தை அதற்குள் புதைத்து, தெரியும் வார்த்தைகளைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவார். தகடுகள் பக்கத்தில் துணியில் சுற்றிக் கிடக்கும். பழுப்பு நிறத்தில், முட்டை அளவிலான அந்தக் கல்லின் படத்தைச் சபையே 2015ல் வெளியிட்டது. இதே மாதிரிக் கல்லைப் பார்த்துப் புதையல் இருக்குமிடம் சொல்வதாக வந்த புகாரில், 1826ல் ஸ்மித் ஒரு நீதிபதி முன்னால் நிற்க வேண்டி வந்ததும் ஆவணத்தில் இருக்கிறது.

இந்த வழக்கில் நகலைச் சோதிக்க ஒரே ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. 1828ல் எழுதி முடித்திருந்த முதல் 116 பக்கங்களை மார்ட்டின் ஹாரிஸ் வீட்டில் காட்ட வாங்கிப் போய்த் தொலைத்துவிட்டார். அதையே மறுபடி மொழிபெயர்த்தால் என்ன? கூடாது என்று கடவுளிடமிருந்து வெளிப்பாடு வந்ததாக ஸ்மித் சொன்னார். திருடியவர்கள் பழைய தாளில் வார்த்தைகளை மாற்றி வைத்து, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று காட்டுவார்களாம். அதே காலத்தை விவரிக்கும் வேறு தகடுகளிலிருந்து அந்தப் பகுதி எழுதப்பட்டது. நம்புகிறவருக்கு இது முன்னறிவு, சந்தேகப்படுகிறவருக்குத் தப்பிக்கும் வழி. அந்த 116 பக்கங்கள் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆக, மிஞ்சியது நகல். அதற்குள் காலவழு இருக்கிறதா?

குதிரை இருக்கிறது, எஃகு இருக்கிறது, கோதுமை இருக்கிறது, பார்லி இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் குதிரைகள் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போய், ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்த பிறகுதான் மறுபடி கனைத்தன. குதிரை என்றது வேறு ஏதோ விலங்கை, வந்தவர்கள் தெரிந்த பெயரை வைத்தார்கள் என்று சபையின் அறிஞர்கள் சிலர் சமாதானம் சொல்கிறார்கள். பார்லி விஷயத்தில் அவர்கள் கை கொஞ்சம் ஓங்கியது. அமெரிக்காவுக்கே உரிய ஒரு வகைச் சிறு பார்லியைக் கொலம்பஸுக்கு முன்பே பயிரிட்டிருக்கிறார்கள் என்று அகழாய்வில் தெரியவந்தது. இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

என்னைக் கேட்டால் குதிரையைவிட வலுவான கேள்வி ஏசாயா. மார்மன் புத்தகம் பைபிளின் ஏசாயா புத்தகத்திலிருந்து அத்தியாயம் அத்தியாயமாக எடுத்துப் போடுகிறது. அந்த ஆங்கில நடை, 1611ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்போடு வரிக்கு வரி பெரும்பாலும் ஒத்துப்போகிறது. மேலும் ஏசாயாவின் 40 முதல் 55 வரையான அதிகாரங்களில் வருவது யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டிருந்த காலத்தில், கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நடுவில், இன்னொருவர் எழுதியது என்பது பைபிள் ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் முடிவு. கி.மு. 600 வாக்கில் எருசலேமை விட்டுக் கிளம்பிய குடும்பத்தின் கையில் அது எப்படி வந்தது? 48 முதல் 54 வரையான அதிகாரங்கள் மார்மன் புத்தகத்தில் இருக்கின்றன. இதுதான் முகவரியில் இருக்கும் பின்கோடு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தங்கத் தகடு இல்லாததால் மொழிபெயர்ப்பு சரியா தவறா என்று நேராகச் சோதிக்க வழியில்லை. நகலுக்குள் இருக்கும் காலவழுக்களை வைத்துத்தான் வாதம் நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பதில் வாதம் உண்டு, ஆனால் பதில்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டப்பட்டவை.

சொல்லச் சொல்ல மாறும் கதை

தாத்தா தன் கல்யாணக் கதையைப் பத்து தடவை சொல்லியிருப்பார். ஒரு தடவை மழை பெய்யும், ஒரு தடவை பெய்யாது. அதற்காகக் கல்யாணமே நடக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு தடவை பெண் பார்க்கவே போகவில்லை என்றும், இன்னொரு தடவை மூன்று தரம் போனேன் என்றும் சொன்னால் நிமிர்ந்து உட்காருவோம்.

ஸ்மித்துக்குக் காட்டில் கடவுள் தோன்றிய 'முதல் தரிசனம்' இந்த வகை. சபையின் அதிகாரப்பூர்வ வடிவம் 1838ல் எழுதத் தொடங்கியது. 1820 வசந்த காலம், வயது பதினான்கு, பிதாவும் (கடவுள்) குமாரனும் (இயேசு) இருவராகத் தோன்றினார்கள். ஆனால் 1832ல் எழுதிய ஒரு வடிவம் இருக்கிறது; அதில் கொஞ்சம் ஸ்மித்தின் சொந்தக் கையெழுத்து. அதில் 'கர்த்தர்' தோன்றுகிறார்; பிதாவும் குமாரனுமாக இருவர் என்ற தெளிவு இல்லை. வேதத்தைப் படித்துப் படித்து, எல்லாச் சபைகளும் வழிதவறிவிட்டன என்று தானே முன்பே முடிவுக்கு வந்துவிட்டதாக அதில் எழுதுகிறார். 1838 வடிவத்திலோ எல்லாமே தவறாக இருக்கும் என்ற எண்ணமே அதுவரை தன் மனதில் எழவில்லை என்கிறார். 1832 வடிவம் 1960கள் வரை வெளியே வரவில்லை. இன்று சபையே ஸ்மித் விட்டுச் சென்ற நான்கு வடிவங்களையும் வெளியிட்டு, ஒவ்வொன்றிலும் அழுத்தம் வேறு என்கிறது.

மழை பெய்ததா என்ற வகை வேறுபாடா, பெண் பார்த்த வகை வேறுபாடா? ஆட்களின் எண்ணிக்கையை முதல் வகையில் சேர்க்கலாம் என்றுகூட ஒருவர் வாதாடலாம். அந்த முன்முடிவு விஷயத்தை என்னால் அப்படிச் சேர்க்க முடியவில்லை.

போலிப் பத்திரம்

சந்தேகப்படுபவர்கள் பக்கமும் சறுக்கல்கள் உண்டு. சாலமன் ஸ்பால்டிங் என்பவர் எழுதிய நாவலைத் திருடித்தான் மார்மன் புத்தகம் எழுதப்பட்டது என்று 1834லிருந்து அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1884ல் ஹொனலூலுவில் அவருடைய கையெழுத்துப் பிரதி ஒன்று அகப்பட்டது. படித்துப் பார்த்தால் பெரிய ஒற்றுமை ஏதும் இல்லை. இன்றும் இணையத்தில் அந்தக் கதையை ஒப்பிக்கிறார்கள்.

1980களில் நடந்தது இன்னும் பயங்கரம். சால்ட் லேக் சிட்டியில் மார்க் ஹாஃப்மன் என்ற பழைய ஆவண வியாபாரி, சபையின் தொடக்கக் காலத்துக் கடிதங்களைக் 'கண்டுபிடித்து' விற்றுக்கொண்டிருந்தார். அதில் பேர் போனது மார்ட்டின் ஹாரிஸ் 1830ல் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒரு கடிதம். அதில் தேவதூதன் இல்லை. தகடுகளைக் காத்தது வெள்ளை நிறச் சாலமண்டர், அதாவது பல்லி மாதிரியான ஒரு பிராணி. சபையை எதிர்ப்பவர்களுக்கு அல்வா மாதிரியான ஆதாரம். அது நிஜமா என்று முதலில் சந்தேகப்பட்டவர்களில் முக்கியமானவர் ஜெரால்ட் டானர். இவர் சபையைவிட்டு விலகி, அதை விமர்சித்தே பல ஆண்டுகள் பதிப்பு நடத்தியவர்! 1834ல் வெளியான ஒரு எதிர்ப்பு நூலின் சாயல் கடிதத்தில் அடிக்கிறதே என்று, தன் கட்சிக்குச் சாதகமான ஆதாரத்தையே அவர் கேள்வி கேட்டார்.

1985 அக்டோபரில், குட்டு உடையாமலிருக்க ஹாஃப்மன் வைத்த குண்டுகளில் இருவர் செத்தார்கள். பிறகு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, செயற்கையாகப் பழுக்க வைத்த மை முதலைத் தோல்போல வெடிப்புவிட்டிருந்தது. தானாகப் பழசான மையில் அப்படி வராது. 1987ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார்.

பத்திரம் கையில் கிடைத்த வழக்கு

தங்கத் தகடு பற்றித்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். இல்லாத பத்திரத்தைப் பற்றி எத்தனை நாள் பேசினாலும் முடிவு வராது. ஸ்மித் மொழிபெயர்த்த இன்னொரு நூலுக்கோ மூலம் கிடைத்திருக்கிறது.

1835 கோடையில், ஓஹியோ மாநிலத்தின் கர்ட்லண்ட் ஊருக்கு மைக்கேல் சாண்ட்லர் என்பவர் நான்கு எகிப்திய மம்மிகளை வண்டியில் ஏற்றிவந்து காசுக்குக் காட்டினார். மம்மிகளோடு சில பாப்பிரஸ் சுருள்கள். பாப்பிரஸ் என்பது நைல் நதிக்கரைக் கோரைத்தண்டைச் சீவி, அடுக்கி, அழுத்தி எகிப்தியர்கள் செய்த எழுதுதாள். எகிப்திய எழுத்தின் பூட்டை ஷாம்பொலியான் என்ற அறிஞர் பிரான்சில் திறந்து பதின்மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவில் வாசிக்கத் தெரிந்தவர் என்று சொல்ல ஆள் இல்லை. ஸ்மித் பார்த்துவிட்டு, ஒரு சுருளில் பைபிளில் வரும் முற்பிதா ஆபிரகாமின் எழுத்துகள் இருக்கின்றன என்றார். மம்மிகளோடு எல்லாவற்றையும் 2,400 டாலருக்கு வாங்கினார்கள். 1842ல் 'ஆபிரகாமின் புத்தகம்' வெளிவந்தது. ஆபிரகாம் 'தன் சொந்தக் கையால் பாப்பிரஸின் மேல்' எழுதியது என்று அதன் தலைப்பில் போட்டிருக்கிறது. மம்மிகளோடு வந்தவற்றிலிருந்த மூன்று படங்களும் விளக்கங்களோடு அச்சாகின. இன்றும் அது அவர்களுக்கு வேதம்.

1844ல் ஸ்மித்தை ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து சுட்டுக் கொன்றது. அவருடைய தாய் லூசி மம்மிகளைக் காட்டி, ஆளுக்கு 25 சென்ட் வாங்கிப் பிழைத்தார். அவர் இறந்ததும் எல்லாம் கைமாறின. ஒரு பகுதி சிகாகோ அருங்காட்சியகத்துக்குப் போய் 1871 பெருந்தீயில் கருகியது. எல்லாமே போயிற்று என்றுதான் நினைத்திருந்தார்கள். 1966ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்த அசீஸ் அத்தியா என்ற பேராசிரியர் கண்ணில் சில துண்டுகள் பட்டன. அதில் ஒன்று, ஆபிரகாமின் புத்தகத்தின் முதல் படம். மறுவருடம் நவம்பரில் அருங்காட்சியகம் பதினொரு துண்டுகளைச் சபையிடம் ஒப்படைத்தது.

எகிப்தியவியலாளர்கள் வாசித்தார்கள். ஆபிரகாமின் பெயரே இல்லை. அந்தப் படம் இருந்த சுருள், ஹோர் என்ற தீப்ஸ் நகரப் பூசாரியின் பிணத்தோடு வைத்த ஈமச்சடங்கு நூல். செத்தவர் மறுமையில் மூச்சுவிட வேண்டும் என்பதற்கான மந்திரங்கள். காலம் கி.மு. 200 வாக்கில், ஆபிரகாம் வாழ்ந்ததாக மரபு சொல்லும் காலத்துக்குச் சுமார் 1,800 வருடம் பிந்தியது.

முதல் படத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கட்டில் போன்ற மேடையில் ஒருவர் படுத்திருக்கிறார், பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். அச்சான படத்தில் நிற்பவருக்கு மனிதத் தலை, கையில் கத்தி. ஆபிரகாமைப் பலியிட வந்த பூசாரி என்பது ஸ்மித்தின் விளக்கம். மூலத் துண்டில் தலை இருக்க வேண்டிய இடத்திலும் கத்தி இருக்க வேண்டிய இடத்திலும் பாப்பிரஸே இல்லை, உதிர்ந்துவிட்டது. துண்டை ஒட்டியிருக்கும் தாளில், உதிர்ந்த இடங்களைப் பென்சிலால் யாரோ வரைந்து நிரப்பப் பார்த்திருக்கிறார்கள். இந்த மாதிரி எகிப்திய ஓவியங்கள் நிறைய உண்டு. அவற்றில் நிற்பவர் நரித்தலை கொண்ட அனுபிஸ் தெய்வம், படுத்திருப்பவர் உயிர்த்தெழப்போகும் ஒசைரிஸ்.

மூன்றாவது படத்தின் மூலம் கிடைக்கவில்லை, ஆனால் 1842 அச்சிலேயே எழுத்துகள் ஓரளவு வாசிக்க வருகின்றன. நின்றிருக்கும் ஓர் உருவத்தைக் காட்டி, இவர் பார்வோன் மன்னர், பெயர் தலைக்குமேல் எழுதியிருக்கிறது என்கிறார் ஸ்மித். தலைக்குமேல் எழுதியிருப்பது ஐசிஸ். ஒரு பெண் தெய்வம்.

இதுவரை: தகட்டு வழக்கில் மூலம் இல்லை. இங்கே மூலத்தின் ஒரு பகுதி இருக்கிறது, வாசிக்கவும் ஆள் இருக்கிறது, மொழிபெயர்ப்பு பொருந்தவில்லை.

சபையின் பதில்

2014ல் சபை தன் தளத்தில் ஒரு கட்டுரை போட்டது. துண்டுகளிலுள்ள எழுத்துகள் ஆபிரகாமின் புத்தகத்தோடு பொருந்தவில்லை என்பதில் மார்மன் அறிஞர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒத்த கருத்து இருக்கிறது என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. பிறகு இரண்டு வழிகளைக் காட்டுகிறது.

ஒன்று, ஆபிரகாமின் மூலம் தீயில் போன பகுதியில் இருந்திருக்கலாம். ஆனால் நூலின் முதல் அதிகாரமே, இந்தப் பதிவின் தொடக்கத்தில் உள்ள படத்தைப் பாருங்கள் என்று சொல்லி அந்த முதல் படத்தைத்தான் காட்டுகிறது. ஸ்மித்தின் எழுத்தர்கள் விட்டுச் சென்ற கையெழுத்துப் படிகளின் ஓரத்திலும், ஆங்கில வரிகளுக்குப் பக்கத்தில், ஹோரின் சுருளில் உள்ள எழுத்துகளே வரிசையாக இருக்கின்றன.

இரண்டு, பாப்பிரஸ் வெறும் தூண்டுகோல். அதைப் பார்த்தபோது ஸ்மித்துக்கு வெளிப்பாடு வந்தது, மொழிபெயர்ப்பு என்ற சொல்லை நாம் நினைக்கும் பொருளில் எடுக்கக் கூடாது. இதை வரலாற்றால் மறுக்க முடியாது. இங்கே கேள்வி, முன்பு சொன்ன இரண்டு வகைகளில் ஒன்றிலிருந்து மற்றதற்கு இடம் மாறிவிடுகிறது. ஆனால் 1842ல் வாசகர்களிடம் சொன்னது அப்படி இல்லை. சொந்தக் கையால், பாப்பிரஸின் மேல் என்றுதான் சொன்னார்கள்.

துண்டுகள் இப்போது சால்ட் லேக் சிட்டியில் சபையின் பாதுகாப்பில் இருக்கின்றன. நல்ல தெளிவான படங்களாக இணையத்தில் எவரும் பார்க்கலாம். உதிராமலிருக்க அவற்றை அந்தக் காலத்திலேயே கனத்த தாளில் ஒட்டியிருந்தார்கள். கையில் அகப்பட்ட பழைய தாளை எடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. சில துண்டுகளைத் திருப்பினால், ஒரு கோயில் கட்டட வரைபடமும் கர்ட்லண்ட் சுற்றுவட்டாரத்தின் நில வரைபடமும் தெரிகின்றன.